திரைக்கு வெளியே நிற்கும் கை

திரையிலே ஒரு சிறு நாய் தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கிறது. அதற்கு முந்திய காட்சியில் அதன் எசமான் இறந்திருந்தால், "பாவம், எவ்வளவு துயரம்!" என்று நாம் பெருமூச்சு விடுகின்றோம். முந்திய காட்சியில் ஒரு குழந்தை பணிஸ் தின்றுகொண்டிருந்தால், "எவ்வளவு ஆசை!" என்று சிரிக்கின்றோம். நாயின் முகமோ இரண்டிடத்தும் ஒன்றுதான். சோவியத் நெறியாளர் லெவ் குலேஷோவ் 1920 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நடிகர் ஒருவரின் சலனமற்ற முகத்தை ஒரு கோப்பை சூப்புக்கும் ஒரு சவப்பெட்டிக்கும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார். பசியையும் துயரத்தையும் அந்த முகத்தில் எழுதிக்கொள்பவர் பார்வையாளரே என்பது அதனாற் புலப்பட்டது. மனித முகத்தைக் கொண்டு அவர் காட்டிய உண்மையைச் சினிமாவில் வரும் நாய்கள் ஓயாது மெய்ப்பித்து வருகின்றன.

அவ்வாறாயின் அந்த நாய் உண்மையிலே எதைத்தான் பார்க்கிறது? நம் கண்ணுக்கு அகப்படாமல், படச் சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒரு மனிதனின் கையைப் பார்க்கிறது. அந்தக் கை உயர்ந்தால் எழும், தாழ்ந்தால் படுக்கும், மூடியிருந்தால் காத்திருக்கும். அக்கையைப் பற்றியே இங்கு சில சொல்ல விரும்புகின்றேன். நாய் வளர்ப்போருக்கு ஆலோசனை கூறுவது என் நோக்கமன்று. நாள்தோறும் நாற்பது பிள்ளைகளின் முன்னே கையை உயர்த்தியும் தாழ்த்தியும் பிழைக்கின்ற ஓர் ஆசிரியன், அந்தக் கையிலே தன் தொழிலின் சாயலைக் கண்டதனால் எழுந்த சிந்தனைகளே இவை.

உலகம் நன்கறிந்த சிறு நாய் ஒன்றிலிருந்து தொடங்குவோம். 1939 இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'த விசார்ட் ஒஃப் ஒஸ்' என்ற ஹொலிவூட் படத்தில், டொரத்தி என்னும் சிறுமியின் கைக்கூடையில் ஏறி மாய நாடெங்கும் செல்லும் டோட்டோவே அது. கதையில் டோட்டோ ஆண் நாய். நடித்ததோ டெரி என்ற பெண் நாய். 1933 இல் பிறந்த டெரி நடிப்பதற்கென வளர்க்கப்பட்டதன்று. வீட்டுக் கம்பளத்தை நனைக்கும் பழக்கத்தைத் திருத்தித் தருமாறு அதன் சொந்தக்காரர் கார்ல் ஸ்பிட்ஸ் என்ற பயிற்சியாளரிடம் அதனை விட்டுச் சென்றனர். பின்னர் மீட்டுச் செல்ல வரவில்லை. கைவிடப்பட்ட அந்த நாயே 1934 இல் சிறுமி ஷேர்லி டெம்பிளோடு 'பிறைட் ஐஸ்' படத்திலும், ஐந்தாண்டுகளின் பின் டோட்டோவாகவும் தோன்றிற்று.

ஸ்பிட்ஸ் ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியவர். ஹொலிவூட்டில் அவர் நாய்ப் பயிற்சிப் பள்ளியை நிறுவியது 1927 இல். அதே ஆண்டிலேதான் 'த ஜாஸ் சிங்கர்' வெளிவந்து பேசும்படத்தின் காலம் பிறந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஊமைப்படக் காலத்தில் பயிற்சியாளர் கமராவுக்குப் பக்கத்தில் நின்று "இரு", "ஓடு", "குரை" என்று உரத்துக் கட்டளையிடலாம். படத்தில் அந்தக் குரல் விழாது. ஒலிவாங்கி வந்த பின்னர் ஒரு சொல்லும் பேசக் கூடாதாயிற்று. ஆகவே ஸ்பிட்ஸ் குரலைக் கைவிட்டுக் கைச்சைகைகளாலேயே நாயை இயக்கும் முறையைக் கைக்கொண்டார். தொழிற் கருவி மாறும்போது தொழிலாளியின் உடலும் பழக்கமும் அதற்கேற்ப மாற்றப்படுகின்றன என்ற உண்மைக்கு நாயும் விலக்கன்று.

ஊதியக் கணக்கையும் பார்ப்போம். டெரிக்காக வழங்கப்பட்ட தொகை வாரத்துக்கு 125 டொலர். அதே படத்தில் 'மன்ச்கின்' என்னும் சிற்றூர் மக்களாக நடித்த உயரம் குறைந்த நடிகர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஒருவரான ஜெரி மாரன், தமக்கு வாரத்துக்கு 50 டொலரே கிடைத்ததென்றும் நாய்க்குக் கிடைத்தது அதனிலும் அதிகமென்றும் பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார். இதைக் கேட்டு நாய்மீது சினங்கொள்வது பேதைமை. டெரி 125 டொலரையும் கண்டதில்லை. அது கண்டது ஒரு துண்டு இறைச்சியையே. ஒரு உயிரின் உழைப்புக்கு விலை குறிப்பவன் வேறு, அவ்விலையைப் பெறுபவன் வேறு, உழைப்பது வேறு என்ற ஏற்பாட்டில், நாயை நடிகனுக்கு எதிராக நிறுத்துவது அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றவே உதவும்.

படப்பிடிப்பின்போது சூனியக்காரியின் காவலர்களாக நடித்தோரில் ஒருவர் டெரியின் பாதத்தை மிதித்துவிட்டார். அது தேறும் வரையில் வேறொரு நாயைக் கொண்டு வேலை நடந்தது. அதே 1939 இல் வெளியான 'ஜெசி ஜேம்ஸ்' படத்துக்காகக் குதிரையொன்று செங்குத்தான பாறையினின்று நீரில் வீழ்த்தப்பட்டு மாண்டது. அதனால் எழுந்த கண்டனத்தின் பயனாக, படப்பிடிப்புகளில் விலங்குகள் நடத்தப்படும் முறையைக் கண்காணிக்க 1940 இல் அமெரிக்க ஜீவகாருண்யச் சங்கம் ஹொலிவூட்டில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. கேட்பாரற்ற உயிருக்குக் காவல் கிடைக்க, ஓர் உயிர் பலியாகிப் பலர் குரலெழுப்ப வேண்டியிருந்தது. தொழிற்சாலைச் சட்டங்களின் வரலாறும் இதுவே அன்றோ?

இனி, நாயைப் பழக்கும் வேலையை அருகிருந்து பார்க்க எனக்கு வாய்த்த சந்தர்ப்பம் பற்றிச் சொல்கின்றேன். கடந்த ஆண்டு எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் கைத்தொலைபேசியைக் கொண்டே பன்னிரண்டு நிமிடக் குறும்படமொன்றை எடுத்தனர். காணாமற்போன மகன் வருவானென்று படலையைப் பார்த்தபடி விறாந்தையில் இருக்கும் ஒரு தாய்; அவள் இறந்த பின்னும் வெறும் நாற்காலியினருகே படுத்துக் கிடக்கும் ஒரு நாய்; படலை ஆடும் ஓசை கேட்டு அது தலை தூக்குகிறது; வந்தது காற்றுத்தான். கதை இவ்வளவே. நாய்க்கு வேறு வழியில்லை. ஒரு மாணவியின் வீட்டுச் செம்பன் என்ற சிறிய ஊர் நாயே தெரிவு செய்யப்பட்டது.

அந்த மாணவி பழக்கிய விதம் இது. முதலில் ஒரு சாக்குத் துண்டை நிலத்தில் விரித்தாள். செம்பன் தற்செயலாக அதில் கால் வைத்தபோதெல்லாம் நெத்தலிக் கருவாட்டில் ஒரு நுனி கொடுத்தாள். மூன்றாம் நாள் சாக்கைக் கண்டதும் அது தானே ஓடிச் சென்று நின்றது. பின்னர் கருவாட்டை மூக்கருகிலிருந்து மெல்ல நிலத்துக்குத் தாழ்த்தினாள். மூக்கைத் தொடர்ந்து உடலும் தாழ்ந்தது. சில நாட்களில் கருவாடு இன்றியே, தாழும் கையைக் கண்டு அது படுத்தது. படுத்த நிலையில் இரண்டு எண்ணும் வரை, ஐந்து எண்ணும் வரை, இருபது எண்ணும் வரை என்று காத்திருப்பு நீண்டது. இறுதியாக, ஒருவன் படலைக்குப் பின்னால் நின்று கையை உயர்த்த, அது தலை தூக்கக் கற்றது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் அவள் பழக்கியதில்லை. நாய் சலிக்கும் முன்னரே நிறுத்திவிடுவாள். இப்படி மூன்று வாரங்கள் சென்றன.

படம் பிடிக்கும் வீட்டுக்குக் கொண்டு சென்றபோது செம்பன் ஒன்றையும் செய்யவில்லை. தன் வீட்டு முற்றத்திற் கற்றது வேறு முற்றத்தில் செல்லாதென்பது அதன் தருக்கம். சாக்கை விரித்து, முதற் பாடத்திலிருந்து மீண்டும் தொடங்கினர். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொறுமை இழந்த ஒருவன் பூவரசந் தடியொன்றை முறித்து ஓங்கினான். அடிக்கவில்லை, ஓங்கியது மட்டுமே. நாய் வயிறு நிலத்திற் பட ஒடுங்கிற்று. மாணவி அத்தடியைப் பறித்து வேலிக்கு அப்பால் எறிந்தாள். ஆனால் அதன் பின்னர், தலை தூக்கச் சொல்லி எவன் கையை உயர்த்தினாலும் செம்பன் காதுகளைப் பின்னே மடித்துப் பதுங்கிற்று. மூன்று வாரம் கருவாட்டால் எழுதிய எழுத்தை ஒரு கணத்து அச்சம் அழித்துவிட்டது. உயர்த்திய கை என்ற சைகையையே கைவிட்டு, முழங்காலளவில் விரித்த உள்ளங்கை என்ற புதிய சைகையைக் கற்பிக்க மேலும் நான்கு நாட்கள் பிடித்தன.

நம் நாட்டுப் பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 இலேயே வந்தது. அச்சத்தினாற் கற்கலாம் என்று அதன் பின்னரும் வாதிட்ட பெரியவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு அந்தச் சிறிய நாயைக் காட்டினாற் போதும். அச்சம் எதனையும் கற்பிப்பதில்லை என்று நான் சொல்லவில்லை, அது கற்பிக்கிறது. கையைக் கண்டால் ஒடுங்கக் கற்பிக்கிறது.

படம் பாடசாலை மண்டபத்திற் காட்டப்பட்டபோது, செம்பன் தலை தூக்கும் இடத்தில் மண்டபம் விம்மியது. அங்கிருந்த தாய்மாருள் சிலருக்கு அந்தப் படலை வெறுங் கதைப் படலையன்று. காட்சி முடிந்து வாங்குகளை அடுக்கும்போது அந்த மாணவி என்னிடம் சொன்னாள்: "சேர், அவனுக்கு அந்த அம்மாவையும் தெரியாது, மகனையும் தெரியாது. நெத்தலிக் கருவாடு மட்டுந்தான் தெரியும். அழுத சனத்துக்குத்தான் எல்லாம் தெரியும்."

இதைவிடச் செம்மையாகச் சினிமாவை விளக்கிய சொல்லை நான் கேட்டதில்லை. நாய்க்குக் கதை தெரியாதிருப்பது குறையன்று. அது உண்டது, உறங்கியது, வாலாட்டியது. அதன் உலகம் முழுமையானது. ஆனால் "அவனுக்குக் கதை தெரியாது, கருவாடு மட்டுந்தான் தெரியும்" என்ற சொல்லை நாயிடமிருந்து எடுத்து ஒரு மாணவன்மேல் வைத்துப் பாருங்கள். எவ்வளவு கொடியதாகின்றது!

நான் தமிழ் கற்பிப்பவன். செய்யுளைப் படிக்காமலே அதன் நயத்தை எழுதும் மாணவரைப் பரீட்சை தோறும் காண்கின்றேன். "உவமை அணி சிறப்புற அமைந்துள்ளது" என்ற வாக்கியம், உவமையே இல்லாத பாடலுக்கும் விடைத்தாளில் அழகாக வந்து அமர்கின்றது. வினாவின் முதற் சொல்லே அவர்களுக்குச் சைகை; குறிப்புப் புத்தகத்துப் பந்தியே அவர்களின் வித்தை; புள்ளியே கருவாட்டு நுனி. இதற்காக அப்பிள்ளைகளைப் பழிப்பதில் நியாயமில்லை. பல்கலைக்கழகத்தின் வாசல் குறுகியது. வாசலுக்கு வெளியே வேலை இல்லை. மீன்பிடிப்பவனின் மகனும் கூலிக்காரியின் மகளும் அந்த வாசலைத் தவிர வேறு வழி அறியார். பசியுள்ளவனைக் கருவாட்டால் ஆட்டுவது எளிது. ஆசிரியனும் சுதந்திரமானவன் அல்லன். பெறுபேற்று வீதத்தாலே அவனும் அளக்கப்படுகின்றான். அவனுக்கும் சட்டத்துக்கு வெளியே ஒரு கை உண்டு.

பயிற்சியும் பாடசாலையும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் பீ. எஃப். ஸ்கின்னரின் வரலாறே சான்று. விலங்குகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்று 1951 இல் பொதுமக்களுக்கு விளங்கக் கட்டுரை எழுதிய அவர், 1953 இல் தம் மகளின் கணித வகுப்பைப் பார்வையிடச் சென்றார். தன் விடை சரியோ பிழையோ என்று உடனே அறிய வழியின்றிப் பிள்ளைகள் தடுமாறுவதைக் கண்டார். அதன் விளைவாகக் கற்பிக்கும் பொறிகளை அமைத்து, 1958 இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். தண்டனை நல்லாசிரியன் அன்று என்பதிலும், சிறு சிறு படிகளாகக் கற்பிக்க வேண்டும் என்பதிலும் அவர் கூறியவை பெரிதும் ஏற்கத்தக்கவை. செம்பனைப் பழக்கிய மாணவி அவரைப் படிக்காமலே அவற்றைக் கண்டுகொண்டாள். ஆனால் எந்தச் செயலுக்குப் பரிசு என்று தீர்மானிப்பவன் யார், ஏன் அதைத் தீர்மானித்தான் என்ற வினாவைப் பயிற்சி பெறும் நாய் ஒருபோதும் கேட்க முடியாது. அந்த வினாவிலிருந்துதான் மனிதனின் கல்வி தொடங்குகிறது. சைகைக்கு இயங்கச் செய்வது பயிற்சி. சைகை செய்யும் கையைத் திரும்பிப் பார்க்கச் செய்வது கல்வி.

கையைத் திரும்பிப் பாராத விசுவாசத்தை நம் முன்னோரும் புகழ்ந்தனர். நட்பாராய்தல் என்ற அதிகாரத்திலே நாலடியார், பாகனையே கொல்லும் யானையை ஒத்தாரை விடுத்து, எசமான் எறிந்த வேல் உடலிற் பாய்ந்திருக்கவும் வால் குழைக்கும் நாயை ஒத்தாரை நட்பாகக் கொள்ளச் சொல்கின்றது. நட்புக்கு உவமையாக அது பொருந்தலாம். ஆனால் அதே உவமையைக் குடிமக்களுக்கும் கூலியாட்களுக்கும் மாணவருக்கும் அறமாக விரிப்போர் இருப்பின், வேலை எறிந்தவனைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் இல்லை என்று நாம் கேட்டே ஆகவேண்டும்.

வால் குழைத்த உயிருக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? டெரி 1945 இல் இறந்து, ஸ்பிட்ஸின் நிலத்திலே புதைக்கப்பட்டது. 1958 இல் பெருந்தெரு அமைக்கும் வேலையில் அப்புதைகுழி அழிந்தது. படம் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தது. 2011 இலேதான் ஹொலிவூட் மயானமொன்றில் அன்பர்களால் அதற்கு நினைவுச்சிலை எழுந்தது.

ஹொலிவூட் படங்கள் அந்தக் கையை மறைத்தன. அதனைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து காட்டிய படமும் ஒன்று உண்டு: இத்தாலிய நெறியாளர் வித்தோரியோ டி சிக்கா, எழுத்தாளர் செசாரே சவத்தினியோடு சேர்ந்து 1952 இல் அளித்த 'உம்பர்ட்டோ டி'. ஓய்வூதியத்தில் வாழ முடியாத முதியவர் உம்பர்ட்டோவாக வருபவர் நடிகரல்லர். மொழியியற் பேராசிரியரான கார்லோ பத்திஸ்தி. அவருடைய ஒரே துணை ஃபிளைக் என்னும் சிறு நாய். வாடகை கொடுக்க வழியின்றித் தெருவில் நிற்கும் அவர் பிச்சைக்குக் கையை நீட்டிப் பார்க்கின்றார். ஒருவன் காசு போட வரும் கணத்தில், மழை தூறுகிறதோ என்று பார்ப்பவர்போல உள்ளங்கையைப் புரட்டிவிடுகின்றார். பின்னர் தம் தொப்பியை நாயின் வாயிற் கொடுத்துப் பின்னங்கால்களில் நிற்க வைத்துத் தூணின் மறைவில் ஒதுங்குகின்றார். தெரிந்த மனிதர் ஒருவர் வந்துவிடவே, நாய் விளையாடுவதாகப் பாவனை செய்கின்றார்.

இங்கே வித்தை காட்டும் நாயும் தெரிகிறது. காட்டச் செய்யும் கையும் தெரிகிறது. அக்கையை அந்நிலைக்குத் தள்ளிய சமுதாயமும் தெரிகிறது. பார்வையாளன் நாயைக் கண்டு சிரிப்பதா, முதியவரைக் கண்டு அழுவதா என்று திகைத்து, இறுதியில் இந்த ஏற்பாட்டைக் கண்டு சினங்கொள்கின்றான். அக்காலத்து இத்தாலிய அரசின் துணைச் செயலாளர் ஜூலியோ அந்திரியோத்தி, இப்படம் நாட்டுக்குக் கேடு செய்ததென்று 1952 இல் பகிரங்கமாக எழுதியதில் வியப்பில்லை. மறைந்திருக்க வேண்டிய கை வெளிப்பட்டால் கைக்குரியோருக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

படத்தின் முடிவில் முதியவர் நாயை அணைத்தபடி புகையிரதப் பாதையருகே சாகச் செல்கின்றார். நாய் அலறித் திமிறி ஓடிவிடுகிறது. அதன் பின் அவர் அழைத்தும் அஞ்சி விலகுகிறது. நாலடியார் நாயினின்று இது வேறுபட்ட நாய். எசமானின் கையே ஆயினும் சாவுக்கு இழுத்தால் அதனை மறுக்கிறது. அவர் ஒரு பைன் காயை எடுத்துக் காட்டி விளையாட்டுக்கு அழைத்து, இழந்த நம்பிக்கையைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்கின்றார். கட்டளையாலன்று, கெஞ்சுதலால். ஆசிரியர்களாகிய நாம் அவ்விறுதிக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் தகும்.

டோட்டோவின் பெரும் புகழுக்குரிய செயல் ஒன்று உண்டு. மாயாவியின் மண்டபத்தில் நெருப்பும் புகையும் இடிக்குரலும் எழுந்து எல்லோரும் நடுங்கும்போது, அச்சிறு நாய் ஓடிச்சென்று பக்கத்திலிருந்த திரையைப் பல்லாற் பற்றி இழுக்கிறது. திரைக்குப் பின்னால் பொறியின் கைபிடிகளைத் திருகிக்கொண்டு நிற்பவன் ஒரு சாதாரண மனிதன். அதிகாரம் என்பது பெரும்பாலும் இத்தகைய புகையும் இடிக்குரலுமே என்பதை இதைவிட எளிதாகக் குழந்தைகளுக்கு விளக்க இயலாது. ஆயினும் திரையை இழுத்த டெரி எதையும் அம்பலப்படுத்த எண்ணவில்லை. அதுவும் பழக்கப்பட்டதையே செய்தது.

நாயால் திரையை இழுக்க மட்டுமே இயலும். வெளிப்பட்டவனை நேருக்கு நேர் நோக்கி "நீ யார்?" என்று கேட்டவள் டொரத்தி. அந்த வினாவை எந்தக் கைச்சைகையாலும் பழக்க முடியாது. எந்தக் கருவாட்டாலும் வாங்க முடியாது. அதனைக் கேட்கவல்ல பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலிருந்து வெளிவரும் நாளில், அவர்கள் முதலில் திரும்பிப் பார்க்கப் போவது நம்முடைய கைகளையே. அந்தப் பார்வையைத் தாங்குமளவுக்கு அக்கைகளைத் தூயனவாய் வைத்திருப்பது நம் கடன்.